பின்வாசலிலிருந்து இருபது அடி

ஜனவரி 12

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நன்றாக இருக்கிறோம். என் இடுப்பு மட்டும் நன்றாக இல்லை. உன் மணிக்கட்டு வலி குறைந்ததா? அந்தக் கோர்ட்டில் நடக்கிற வழக்கு அத்தனையையும் நீ ஒருத்தியேதான் டைப் அடிக்க வேண்டுமா என்ன? போனில் பேசினால் ஐந்தாவது நிமிஷம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

பட்டறையில் மூன்றாவது தடவையாகத் திருட்டு. எரிந்துபோன மோட்டார்களிலிருந்து பிரித்தெடுத்த பழைய செம்புக் கம்பியைக் கொல்லையில் கூடை கூடையாகப் போட்டு வைத்திருப்பேனே, அதில் இரண்டு கூடை காலி. வந்தவன் லேசுப்பட்டவன் இல்லை. எந்தக் கூடையில் செம்பு, எதில் அலுமினியம் என்று பார்த்து எடுத்திருக்கிறான். போலீஸ்காரர் வந்தார், எழுதிக்கொண்டார், போய்விட்டார். போன தடவையும் அவரேதான் எழுதினார்; பேனாகூட அதே பேனா.

போதும் என்று ஆகிவிட்டது. துப்பாக்கி வாங்கிவிட்டேன். சிரிக்காதே. முதல் திருட்டு நடந்ததுமே முறைப்படி விண்ணப்பம் போட்டு, எட்டு மாதம் அலைந்து, லைசென்ஸோடு வாங்கியது. இரட்டைக்குழல். லைசென்ஸ் கொடுத்த அதிகாரி ஆயிரம் நிபந்தனை போட்டார். துப்பாக்கி ஒரு பூட்டுக்குள், தோட்டா வேறொரு பூட்டுக்குள் இருக்க வேண்டுமாம். சரியென்று, துப்பாக்கியை மாடிப் படுக்கையறை இரும்பு பீரோவில் வைத்தேன். தோட்டாவை உன் அண்ணி ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சமையலறைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். பீரோ சாவி என்னிடம், பெட்டிச் சாவி அவள் இடுப்பில். “உங்க கோபத்துக்கு நான் ஒரு பூட்டு”ங்கிறாள். எப்படி இருக்கிறது கதை?

நீ தினமும் சட்டத்தோடு குடித்தனம் நடத்துகிறவள். இனி ஒருத்தன் கொல்லைக்குள் குதித்தால் நான் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது, விவரமாக எழுது.

அன்புடன்,
அண்ணன்

ஜனவரி 24

பாசமுள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மணிக்கட்டுக்கு எண்ணெய் தேய்த்துத் துணி கட்டியிருக்கிறேன், பரவாயில்லை. நீங்கள் வெயிட் தூக்குவதை விட்டால் இடுப்பு தானாகச் சரியாகும். சொன்னால் கேட்கவா போகிறீர்கள்.

சிரிக்காதே என்றீர்கள். சிரிக்கவில்லை, பயமாக இருக்கிறது. பதினாறு வருஷமாக டைப் அடிக்கிறேன் அண்ணா. துப்பாக்கியால் வீட்டைக் காப்பாற்றியவர் வழக்கு என் கைக்கு வருவதில்லை. சுட்டுவிட்டு முழிக்கிறவர் வழக்குதான் வருகிறது. போன மாதம்கூட ஒன்று. தென்னந்தோப்புக்காரர். “நான் கால்லதான் குறி வெச்சேன்”னு கூண்டில் நின்று அழுதார். தோட்டாவுக்குள் இருக்கிற சின்னச் சின்ன பால்ரஸ் குண்டு சிதறிப் பாயும், காலோடு நிற்காது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கேட்டதால் சொல்கிறேன். கொல்லைக்குள் ஒருத்தன் நிற்கிறான் என்பதற்காகச் சுட முடியாது. பொருளை எடுத்துக்கொண்டு ஓடுகிறான் என்பதற்காகவும் முடியாது. உங்கள் செம்புக்கு என்ன மதிப்போ, அந்த அளவுக்குத்தான் பலத்தைக் காட்டலாம். ஒரு மனுஷன் உடம்பு அதைவிடப் பெரிது என்று எங்கள் நீதிபதி அடிக்கடி சொல்வார். அவன் உங்கள்மேல் ஆயுதத்தோடு பாய்ந்து, உங்கள் உயிருக்கோ அண்ணி உயிருக்கோ ஆபத்து, வேறு வழியே இல்லை என்றால்தான் சட்டம் உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கும். முகம் காட்டி வருகிறவன் வேறு, முதுகு காட்டிப் போகிறவன் வேறு. மிரட்டுவதற்காக வானத்தைப் பார்த்துச் சுடுகிறேன் என்றும் கிளம்பாதீர்கள். மேலே போனது யார் வீட்டுக் கூரையிலாவது இறங்கத்தான் செய்யும்.

இன்னொன்று. ஒரு நாள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பாருங்கள். பட்டறையிலிருந்து மாடி ஏறி, இரண்டு பூட்டையும் திறந்து, தோட்டா போட்டுக் கீழே வர எவ்வளவு நேரம் ஆகிறது? அதற்குள் கொல்ல வந்தவன் கொன்றிருப்பான், திருட வந்தவன் திரும்பியிருப்பான். உங்கள் துப்பாக்கிக்கு முன்னால் எப்போதும் ஒரு முதுகுதான் இருக்கும் அண்ணா. கொல்லைச் சுவருக்கு மேலே கம்பிவேலி போடுங்கள். சைரன் வையுங்கள். நாய் வளருங்கள்.

அண்ணியிடம் அந்தச் சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்பு மாறாத,
தங்கை

பிப்ரவரி 8

அன்புத் தங்கச்சிக்கு,

மூவரும் நலம். மூன்றாவது யார் என்கிறாயா? துப்பாக்கிதான். துடைத்து எண்ணெய் போட்டு வைத்தேன்.

நீ சொன்னபடி கடிகாரம் வைத்துப் பார்த்தோம். இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி! உன் அண்ணி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கடிகாரம் கீழே விழுந்துவிட்டது. “திருடன்கிட்ட கொஞ்சம் உட்காரு, டீ போடறேன்னு சொல்லிட்டு வரணும்”ங்கிறாள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது. ஐம்பத்திரண்டு வயசில் என் பொருளைக் காப்பாற்ற எனக்கே வக்கில்லை என்று பெண்டாட்டி சிரிக்கிறாள் பார்.

கம்பிவேலி அடுத்த மாதம் போடுகிறேன். ஒரு பெரிய ஆலை மோட்டார் வந்திருக்கிறது. முன்பெல்லாம் வார்னிஷ் வேலைக்கு ஆள் இருந்தான், இப்போது அதையும் நானே பார்க்க வேண்டியிருக்கிறது. பதினோரு வருஷம் இருந்தான். நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நின்றுவிட்டான். அவன் கை பக்குவம் எனக்கு வரவில்லை. காயில், அதாவது கம்பிச் சுருள், முழுக்க வார்னிஷ் ஒரே சீராக ஊற வேண்டும். எனக்கு ஒரு பக்கம் திட்டுத் திட்டாக நிற்கிறது.

உன் கடிதத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். வந்து போகிற ஆட்களுக்கெல்லாம் படித்துக் காட்டுகிறேன், என் தங்கச்சி எழுதினது என்று.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணன்

ஏப்ரல் 3

தங்கச்சிக்கு,

நலம். நீ நலமா.

நடக்கக்கூடாதது நடந்துவிட்டது. பதறாதே, எனக்கோ உன் அண்ணிக்கோ ஒன்றுமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பட்டறை மூடியிருந்த நேரத்தில் ஓர் ஆள் கொல்லைக்குள் குதித்தான். இரும்புக் கம்பியோடு என்மேல் பாய்ந்தான். தற்காப்புக்காகச் சுட வேண்டியதாகிவிட்டது. காலில் பட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருக்கிறான். துப்பாக்கியைப் போலீஸ் எடுத்துப்போய்விட்டது. என்னை ஒரு நாள் வைத்திருந்து ஜாமீனில் விட்டார்கள்.

விரிவான வாக்குமூலம் எழுதிக் கொடுக்க வேண்டும். வக்கீல் அவசரப்படுத்துகிறார். நான் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ இந்த மாதிரி எவ்வளவோ பார்த்தவள். ஒரு தரம் படித்துவிட்டு உடனே எழுது.

அண்ணன்

ஏப்ரல் 7

அண்ணாவுக்கு,

கடிதம் கண்டு கை கால் ஓடவில்லை. இடுப்பு வலியோடு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்களா? அண்ணி சாப்பிட்டார்களா? லீவு கேட்டிருக்கிறேன், இன்னும் கொடுக்கவில்லை.

வாக்குமூலத்தை நாலு தரம் படித்தேன். எனக்குப் புரியவில்லை அண்ணா. முதல் பத்தியில் அவன் கம்பியை ஓங்கிக்கொண்டு உங்கள்மேல் பாய்ந்தான் என்கிறீர்கள். மூன்றாவது பத்தியில், நீங்கள் பின்வாசலில் நின்று சுட்டபோது அவன் இருபது அடி தூரத்தில் சுவர்மேல் ஒரு காலை வைத்திருந்தான் என்கிறீர்கள். பாய்ந்தவன் எப்போது சுவருக்குப் போனான்? துப்பாக்கி எப்படி உங்கள் கையில் இருந்தது? இரண்டு பூட்டு, இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி, நீங்களே எழுதினீர்கள். அவ்வளவு நேரமும் கம்பியை ஓங்கிக்கொண்டு நின்றிருந்தானா? குண்டு பட்டது காலின் முன்பக்கமா, பின்பக்கமா? டாக்டர் எழுதியிருப்பாரே. அந்தக் கம்பி எங்கே? உங்கள் பட்டறையில் எங்கே பார்த்தாலும் கம்பிதான், அதில் எது அவனுடையது?

அவன் யார் என்று ஒரு வரிகூட இல்லையே, ஏன்?

தயவுசெய்து பதில் எழுதுங்கள். எனக்குத் தூக்கம் வராது.

தங்கை

ஏப்ரல் 15

அன்புத் தங்கச்சிக்கு,

நீ தெய்வம். நீ மட்டும் இல்லாவிட்டால் நான் தொலைந்தேன். வக்கீலே உன் கடிதத்தைப் படித்து அசந்துவிட்டார். “உங்க தங்கச்சி பேசாம வக்கீலுக்கே படிச்சிருக்கலாம் சார், எதிர்த்தரப்பு வக்கீல் கேக்க வேண்டிய கேள்வியெல்லாம் இதுலயே இருக்கு”ன்னார்.

நீ காட்டிய இடங்களையெல்லாம் சரிசெய்துவிட்டோம். சுவரும் இருபது அடியும் இப்போது இல்லை. அன்றைக்குக் காலையில் சுத்தம் செய்வதற்காகத் துப்பாக்கியை வெளியே எடுத்து வைத்திருந்தேன், தோட்டாப் பெட்டியும் திறந்திருந்தது என்று போட்டாயிற்று. உன் அண்ணி அதற்குச் சாட்சி. என்னை அடிக்கப் பாய்ந்தவன் கடைசி நொடியில் திரும்பியதால் காலின் பின்பக்கம் பட்டது. நேற்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அவன்மேல் ஆயுதத்தால் கொல்ல வந்ததாக வழக்கு மாறும் என்கிறார்கள். முகம் காட்டி வந்தவன் என்று ஆகிவிட்டால் சட்டம் என் பக்கம், நீ சொன்ன மாதிரியேதான்.

முதலில் அனுப்பியதை எரித்துவிடு. மறக்காதே.

உன் மணிக்கட்டு எப்படி இருக்கிறது?

அண்ணன்

மே 2

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு இதுவரை மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் ஒரு நிலையில் இல்லை.

நான் திருத்தம் சொல்லவில்லை அண்ணா. கேள்வி கேட்டேன். என் அண்ணன் என்ன செய்தார் என்று தெரியாமல் தவித்துப் போய்க் கேட்டேன். நீங்கள் அந்தக் கேள்விகளை எடுத்து ஓட்டை அடைத்திருக்கிறீர்கள். பதினாறு வருஷமாக ஊரார் பொய்களை டைப் அடித்திருக்கிறேன். பிழையில்லாமல் அடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். இப்போது ஒரு பொய்யை நானே உட்கார்ந்து செதுக்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. நேரே பஸ் ஏறி வந்து உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும். எழுத்து அழகாக வருகிறது என்று உட்கார்ந்து எழுதினேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஜனவரியில் நீங்கள் கேட்டபோதும் ஒரே வரியில் “அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்” என்று எழுதியிருக்கலாம். எனக்குத் தெரிந்ததையெல்லாம் கடை பரப்பினேன். அதில் பிழைத்துக்கொள்ளும் வழி மட்டும் உங்கள் மனசில் தங்கிவிட்டது.

நான் எரிக்கவில்லை. அவன் யார் என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை.

தங்கை

ஜூன் 20

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதறேன். நல்லா இருக்கியாம்மா? எனக்கு உங்க ரெண்டு பேர் மாதிரி எழுத்து வராது, பேசற மாதிரிதான் வரும், பொறுத்துக்கோ. உன் அண்ணனுக்குத் தெரியாம எழுதறேன். அவர் சாப்பிடறது அரைவயிறு. பட்டறையில நாலு மோட்டார் பிரிச்சது பிரிச்சபடி கிடக்கு.

மே மாசம் நீ எழுதினதுக்கு அவர் பதில் போடலைன்னு தெரியும். கடுதாசியைச் சட்டைப் பையிலயே வெச்சுட்டுத் திரியறார்.

அவன் யாருன்னு கேட்டியே. நம்ம வார்னிஷ்காரன்தான். பதினோரு வருஷம் நம்மகிட்ட வேலை பார்த்தவன், உன் கல்யாணத்துக்குப் பந்தல்ல லைட் போட்டவன். மூணு தடவையும் அவன்தான் எடுத்திருக்கான், போலீஸ்ல ஒத்துக்கிட்டான். திருடன்தான், இல்லைன்னு நான் சொல்ல வரலை. எனக்கும் வயிறு எரியுது. ஆனா முழங்காலுக்குக் கீழ காலை எடுத்துட்டாங்கம்மா. நான் போய்ப் பார்த்தேன். போர்வை அந்தப் பக்கம் தட்டையா கிடந்துச்சு. என்னைப் பார்த்ததும் எழுந்திரிக்கப் பார்த்தான். “அண்ணி, திருடினேன், ஒத்துக்கறேன். கம்பி எடுத்துட்டு நான் வரலை அண்ணி. அண்ணனை அடிக்க எனக்குக் கை வருமா?”ன்னான்.

அன்னைக்கு நடந்ததை நான் உனக்குச் சொல்லிடறேன். சாப்பிட்டுக்கிட்டிருந்தோம். கொல்லையில சத்தம். ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தார். எனக்குக் கண்ணாடி இல்லாம தூரத்துல இருக்கறது யாருன்னு தெரியாது. “சாவியைக் குடு”ன்னார். மாட்டேன்னேன். “நீயும் சிரிக்கிறியா?”ன்னார். அந்த முகத்தைப் பார்த்துப் பயந்து கொடுத்துட்டேன்மா. இடுப்புலேருந்து எடுத்து நானே கொடுத்தேன். எந்தக் கம்பியும் நான் பார்க்கலை. எந்தப் பெட்டியும் காலையிலேருந்து திறந்திருக்கலை.

ஆகஸ்ட் பதினெட்டு விசாரணை. பெட்டி திறந்திருந்துச்சுன்னு நான் கூண்டுல ஏறிச் சொல்லணுமாம். வக்கீல் தினம் வந்து சொல்லிக் கொடுக்கறார், ஸ்கூல் பிள்ளை மாதிரி ஒப்பிக்கறேன். நான் சொல்லலைன்னா அவர் உள்ள போவார். சொன்னா அந்த ஒத்தைக்கால்காரன் பத்து வருஷம் உள்ள போவான். நீ படிச்சவ. நான் என்ன பண்ணட்டும்?

உன் அண்ணி

ஜூலை 1

அண்ணாவுக்கு,

வணக்கம். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வாய் வருகிறது. பதில் எனக்கே தெரியும்.

அவன் யாரென்று தெரிந்துகொண்டேன். யார் சொன்னார்கள் என்று வீட்டில் கத்த வேண்டாம்.

நீங்கள் ஜெயிலுக்குப் போகக்கூடாது என்றுதான் எனக்கும் ஆசை. கூடப்பிறந்தவள்தானே. உங்கள் கையெழுத்தில் இருபது அடியும் சுவரும் எழுதிய அந்தத் தாள் என் பெட்டியில் இருக்கிறது. தினம் எடுத்துப் பார்க்கிறேன். இரண்டு தடவை அடுப்புப் பக்கம் கொண்டுபோனேன், மறைக்க மாட்டேன். முடியவில்லை.

செய்ததற்கு ஒரு தண்டனை உண்டு. அதை நீங்கள் அனுபவித்துவிட்டு வெளியே வரலாம். செய்யாததற்கு அவன் அனுபவித்தால் நீங்கள் எதிலிருந்து வெளியே வருவீர்கள்? ஆகஸ்ட் பதினெட்டுக்குள் நீங்களாகச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அந்தத் தாளோடு நான் வந்து நிற்பேன். அண்ணியைக் கூண்டில் ஏற்றிப் பொய் சொல்ல வைக்காதீர்கள். வாங்கின புடவை என்ன விலை என்று கேட்டால்கூட அவர்களுக்கு ஒரு ரூபாய் குறைத்துச் சொல்லத் தெரியாது.

என்னைத் திட்டி ஒரு கடிதமாவது எழுதுங்கள்.

தங்கை

ஆகஸ்ட் 20

அன்புத் தங்கச்சிக்கு,

திட்டி எழுதச் சொன்னாய். எழுதினேன், ஜூலை முழுக்க. ஒன்றையும் தபாலில் போடவில்லை. நலமாக இரு.

பதினெட்டாம் தேதி நீ கோர்ட்டின் கடைசி பெஞ்சில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பைக்குள் என்ன இருந்தது என்று தெரியும். அதற்குப் பயந்து நான் எழுந்தேன் என்று நினைக்காதே. கொஞ்சம் பயந்தேன், அது நிஜம்.

உன் அண்ணியைக் கூப்பிட்டார்கள். அவள் கூண்டில் ஏறினதும் வக்கீல், “தோட்டாப் பெட்டியின் சாவி அன்று காலை எங்கே இருந்தது?” என்று கேட்டார். நாற்பது தடவை ஒப்பித்த பதில். அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கை மட்டும் தானாக இடுப்புக்குப் போய் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. இருபத்தேழு வருஷம் என்னோடு குப்பை கொட்டினவள். நீதிபதி, “சொல்லுங்கம்மா”ன்னார். அவள் என்னைப் பார்த்தாள். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து, “அவ சொல்ல வேண்டாம் ஐயா. கம்பி ஒண்ணும் இல்லை. அவன் போய்க்கிட்டிருந்தான். நான் பின்னாலேருந்து சுட்டேன்”ன்னேன். என் வக்கீல் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை.

பட்டறையை உன் அண்ணி பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறாள். காயில் சுற்றும் மிஷின் அவளுக்கு என்னைவிட நன்றாக வரும்.

அண்ணன்

டிசம்பர் 9

பாசமுள்ள அண்ணாவுக்கு,

ஜெயில் குளிர் இடுப்புக்கு ஆகாது. கம்பளி அனுப்பியிருக்கிறேன், கொடுத்தார்களா? போன வாரம் அண்ணியோடு இருந்தேன். தைரியமாக இருக்கிறார்கள். அவன்மேல் இருந்த பெரிய வழக்கைத் தள்ளிவிட்டார்கள். திருட்டுக்கு மட்டும் தண்டனை, அதையும் ஆஸ்பத்திரியில் கழித்த நாளில் சேர்த்துவிட்டார்கள். கட்டைக்கால் வைத்துப் பழகுகிறானாம்.

உங்கள் தீர்ப்பின் நகலை வாங்கிப் படித்தேன். ஏழு வருஷம் கொடுத்திருக்க வேண்டிய குற்றம், மூன்றோடு நிறுத்தியிருக்கிறார்கள். காரணம் எழுதியிருக்கிறார் நீதிபதி: “தன் உழைப்பில் சேர்த்த பொருளை ஒருவன் தோளில் சுமந்து ஓடுவதைக் கண்ணால் கண்ட திடீர் ஆத்திரத்தில் செய்தது, பிறகு தாமாகவே உண்மையை ஒப்புக்கொண்டார்.” ஆத்திரம் மன்னிக்கத்தக்கதில்லை, ஆனால் புரிந்துகொள்ளத்தக்கது என்கிறார். இந்த இடத்தை நான் என் கையால் ஒரு பிரதி டைப் அடித்து வைத்துக்கொண்டேன்.

உங்கள்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. எத்தனை பேர் அப்படி எழுந்து நின்று முழு உண்மையையும் சொல்லியிருக்கிறார்கள்? நான் பார்த்ததில்லை. என் அண்ணன் என்று சொல்லிக்கொள்ளப் பெருமையாக இருக்கிறது. நன்றாகச் சாப்பிடுங்கள். எழுதுங்கள்.

அன்பு மாறாத,
தங்கை

ஜனவரி 17

அன்புத் தங்கச்சிக்கு,

கம்பளி வந்தது. இடுப்பு பரவாயில்லை. இங்கே எல்லோரும் மரியாதையாக நடத்துகிறார்கள். திருடனைச் சுட்டவர் என்று ஒரு பேர்.

உன் கடிதத்தை ஒரு மாதமாகப் படிக்கிறேன். பெருமை என்று எழுதியிருக்கிறாய். அந்த வார்த்தை இருக்கிற பக்கத்தை மடித்து வைத்துவிட்டு மற்றதை மட்டும் படிக்கிறேன். நான் முழு உண்மையைச் சொல்லவில்லை அம்மா.

ஜன்னலில் பார்த்தபோதே அவன் யாரென்று தெரியும். குனிந்து கூடையைத் தள்ளுகிற விதம், பதினோரு வருஷம் பார்த்ததாயிற்றே. தெரிந்துதான் சாவி கேட்டேன். பின்வாசல் கதவைத் திறந்ததும் அவன் திரும்பிப் பார்த்தான். பார்த்த உடனே தோளிலிருந்த மூட்டையைக் கீழே போட்டுவிட்டான். கையிரண்டையும் விரித்துக் காட்டினான். “அண்ணே, போட்டுட்டேன்ணே. எல்லாம் இங்கயே இருக்குண்ணே. நான் போயிடறேன்”ன்னான். சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்தான். மூட்டை என் கொல்லையில், என் கண் எதிரே கிடந்தது. என் பொருளில் ஒரு துண்டுக் கம்பிகூட வெளியே போகவில்லை.

அதற்குப் பிறகுதான் சுட்டேன்.

ஏன் என்று இங்கே படுத்துக்கொண்டு தினமும் கேட்டுப் பார்க்கிறேன். ஆத்திரம்கூட இல்லை. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு படியிறங்கியாயிற்று, உன் அண்ணி மேலே நின்று பார்க்கிறாள், சும்மா திரும்பி ஏறிப்போவதா என்று தோன்றியது. அவ்வளவுதான். ஒரு மனுஷன் காலுக்கு நான் சொல்ல முடிகிற காரணம் இவ்வளவுதான்.

அவன் கோர்ட்டில் சொன்னான், மூட்டையை முதலிலேயே போட்டுவிட்டேன் என்று. குண்டு பட்டு விழுந்தபோது மூட்டையும் விழுந்திருக்கும் என்று நீதிபதி அவனை நம்பவில்லை. திருடன் பேச்சுத்தானே. நான் பத்தடி தள்ளித் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தேன். அந்த நாலு வருஷக் கழிவு அப்படி வந்தது.

நேற்று ஜெயில் அதிகாரியிடம் தாள் வாங்கி இதையெல்லாம் நீதிபதிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். தண்டனை கூடலாம் என்றார். கூடட்டும் என்றேன். அவனுக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன், அவன் சொன்னது பொய்யில்லை என்று ஒரு தாளாவது அவன் கையில் இருக்கட்டும். உன் அண்ணிக்கு நீயே நேரில் போய்ச் சொல். எழுத வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து சொல்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். எனக்குப் பதில் எழுத அவசரமில்லை. எழுதத் தோன்றாவிட்டாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

அண்ணன்